குளிரில் டீசல் வண்டி கிளம்ப



நம் பங்காருபேட்டையின் மார்கழிக் குளிர் உங்களுக்குத் தெரியும். விடியும் முன்பே தக்காளி கோலார் மண்டிக்குப் போக வேண்டும். ஆனால் பிக்அப் வண்டி கிளம்பவில்லை. அப்போது என்ன செய்வது?

போன மார்கழியில் எங்கள் தெருவில் ஒருவர் வைக்கோலைக் கொளுத்தினார். "டீசல் உறைந்துவிட்டது" என்று சொல்லி டேங்குக்கு அடியில் வைக்கப் போனார். என் மாமா ஓடிப்போய்த் தடுத்தார். கொஞ்சம் தாமதித்திருந்தால் வண்டியும் போயிருக்கும். ஆளும் போயிருப்பார்.

டீசல் உறைந்ததா? இல்லை. லடாக் போன்ற இடங்களின் கடுங்குளிரில்தான் அப்படி உறையும். அதற்காகவே இந்தியன் ஆயில் நிறுவனம் 2019-இல் தனி டீசல் கொண்டுவந்தது. அது மைனஸ் 33 டிகிரி வரை உறையாது. நம் ஊர்க் குளிர் அவ்வளவு கடுமையானது அல்ல.

பிறகு ஏன் வண்டி கிளம்பவில்லை? சைக்கிளுக்குக் காற்று அடித்திருப்பீர்கள். பம்பின் அடிப்பக்கம் சுடும். காற்றை அழுத்தினால் சூடாகும். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. அழுத்திய காற்றின் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. குளிரில் இன்ஜினின் இரும்பு அந்தச் சூட்டை இழுத்துக்கொள்கிறது. அதனால் மூன்றைப் பாருங்கள்.

முதலாவது, பாட்டரி. குளிரில் அதன் சக்தி குறையும். சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும் வருகிறதா? இன்ஜின் மெதுவாகச் சுற்றுகிறதா? பாட்டரி முனையில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். வயரைக் கழற்றித் துடைத்து, இறுக்கி மாட்டுங்கள். எங்கள் தெரு வண்டியில் இருந்த கோளாறு இதுதான்.

இரண்டாவது, ஹீட்டர் பிளக். இது உள்ளே சூடு கொடுக்கும். இது உள்ள வண்டிகளில், சாவியைப் போட்டதும் சுருள் வடிவ விளக்கு எரியும். அது அணைந்த பிறகே செல்ஃப் எடுங்கள். இன்ஜின் நன்றாகச் சுற்றி, வெள்ளைப் புகை வந்தும் கிளம்பவில்லையா? ஹீட்டர் பிளக்கைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, டீசல் வரும் வழி. இன்ஜின் நன்றாகச் சுற்றியும் புகையே வரவில்லை என்றால், டீசல் வரவில்லை. குழாயில் காற்று புகுந்திருக்கலாம். பில்டர் மேல் கைப்பம்பு இருந்தால், அது கெட்டியாகும் வரை அமுக்குங்கள்.

செல்ஃபை 10 வினாடிக்கு மேல் தொடர்ந்து எடுக்காதீர்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடி எடுங்கள். காற்று போகும் வழியில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். ஹீட்டர் பிளக் சூட்டில் அது வெடித்துவிடும்.

வண்டியோடு ஒரு கையேடு தருவார்கள். ஒவ்வொரு விளக்குக்கும் அதில் விளக்கம் உண்டு. இப்போது நமக்குப் படிக்கத் தெரியும். இன்று இரவே எடுத்துப் படியுங்கள்.

மண்டிக்கு ஒரு நாள் பிந்தலாம். தீயோடு மட்டும் விளையாட வேண்டாம்.