இராமேசுவரத் தீவுக்குச் செல்வோர்க்கு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இராமேசுவரத் தீவுக்குச் செல்வோர் அறிய வேண்டுவன பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். கம்பரையும் வள்ளுவரையும் பற்றிப் பேச வேண்டிய மேடையில் புகைவண்டியையும் குடிநீரையும் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே என் கருத்து. "கண்மூடுமுன் ஒருமுறை இராமேசுவரம் பார்த்துவிட வேண்டும்" என்று சொல்லாத முதியவர் நம் குடியிருப்பில் அரியர். அவ்வாசையை நிறைவேற்ற விரும்பும் பிள்ளைகளோ ஒரே நாளில் ஓடிச்சென்று ஓடிவந்து விடுகின்றனர். முதியவர்க்குக் கால்வலியும் சிறுவர்க்கு உறக்கச் சடைவுமே மிச்சமாகின்றன. எனவே மூன்று செய்திகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அத்தீவுக்கு இரண்டு நாட்களாவது ஒதுக்குங்கள். அங்குள்ள காற்றையும் கடலையும் அறிந்து செல்லுங்கள். தாத்தா பாட்டியரையும் பேரப்பிள்ளைகளையும் ஒன்றாக அழைத்துச் செல்லுங்கள். இனிச் சொல்லப் போவன எல்லாம் இம்மூன்றின் விரிவே.

முதலில் வழியைக் காண்போம். பாறசாலையிலிருந்து இராமேசுவரம் 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் உள்ளது. கன்னியாகுமரியிலிருந்து நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை வழியாக இராமேசுவரம் செல்லும் விரைவு வண்டி வாரத்தில் சில நாட்கள் இரவில் ஓடுகிறது. நாம் நாகர்கோவிலில் ஏறிக்கொள்ளலாம். முதியவர்க்குப் படுத்துச் செல்ல வாய்ப்புள்ள இவ்வழியே சிறந்தது. ஓடும் நாட்களையும் நேரத்தையும் நிலையத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டு, கீழ்ப்படுக்கையை முன்னதாகவே பதிவு செய்க. சாலை வழியாகச் செல்வோர் களியக்காவிளை கடந்து, நாகர்கோவில், திருநெல்வேலி, தூத்துக்குடி, சாயல்குடி, இராமநாதபுரம், மண்டபம் என்னும் ஊர்களின் வழியே பாம்பனை அடையலாம். தூத்துக்குடிக்கு அப்பால் நம் நாட்டுப் பசுமையைத் தேட வேண்டா. உப்பளங்களும் பனைமரங்களும் சீமைக் கருவேலமுமே வழித்துணை.

அடுத்தது பருவம். இங்கு ஆனியிலும் ஆடியிலும் கொட்டும் தென்மேற்குப் பருவமழை அத்தீவை எட்டுவது அரிது. அப்போது அங்கே மணலை வாரி இறைக்கும் காற்று உண்டு, மழை இல்லை. அத்தீவின் மழைக்காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையாகும். புயல் உருவாகும் காலமும் அதுவே. ஆகவே தை, மாசித் திங்கள்களே செல்வதற்கு ஏற்றவை. ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை ஆகிய நாட்களில் முன்னோர்க்குக் கடன் செய்ய மக்கள் வெள்ளமெனத் திரள்வர். அந்நாளில்தான் செய்ய வேண்டும் என்ற உறுதி இல்லாதவர்கள், நடக்க இயலாதவரை அந்நெரிசலில் அழைத்துச் செல்லாதிருப்பதே நன்று.

இனிப் பாலத்தைப் பற்றி. கடலின்மேல் இருப்புப்பாதை அமைத்து 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் திறந்த பழைய பாம்பன் பாலம் 145 கண்களை உடையது. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதியைத் தொழிலாளர் கையால் இயக்கி இரு கூறாகத் திறந்து வந்தனர். அதில் 2022 டிசம்பரில் வண்டி ஓட்டம் நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி செங்குத்தாக மேலெழுகிறது. நம் நாட்டில் இவ்வகையில் இதுவே முதலாவது. சாலைப் பாலம் 1988ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் திறக்கப்பட்டது. அதற்குமுன் மோட்டார் வண்டி எதுவும் தரைவழியே தீவுக்குச் சென்றதில்லை. மழைக்காலத்தில் செல்வோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைக் கடந்தால் பாலத்தில் புகைவண்டியை விடமாட்டார்கள். காத்திருக்க நேர்ந்தால் சினம் கொள்ளற்க. அவ்விதி எத்துணை இன்றியமையாதது என்பதைத் தனுஷ்கோடியைப் பற்றிக் கூறுமிடத்து அறிவீர்கள்.

நிற்க. திருக்கோயிலுக்கு வருவோம். இராமநாதசுவாமி கோயிலின் மூன்றாம் பிராகாரம் 1212 தூண்களைக் கொண்டது. சேதுபதி மன்னர்களின் திருப்பணி அது. முதலில் கோயிலின் கிழக்கே அக்கினி தீர்த்தம் எனப்படும் கடலில் நீராடி, பின்னர்க் கோயிலுக்குள் உள்ள 22 தீர்த்தங்களில் நீராடுவது மரபு. அவற்றுட் பெரும்பாலானவை கிணறுகள். வாளியால் நீரை இறைத்து நம் தலையில் ஊற்றுவர். இதற்குரிய கட்டணத்தைக் கோயில் அலுவலகத்தில் செலுத்திச் சீட்டுப் பெற வேண்டும். இடையில் வந்து பேரம் பேசுவோரிடம் பணம் கொடுக்க வேண்டா. முன்னோர் கடன் செய்விப்போரிடமும், தொடங்குமுன்பே தொகையைப் பேசி முடித்துக்கொள்வது இரு சாராருக்கும் மதிப்பு.

இங்கே தாய்மார்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தீர்த்தங்கள் உள்ள வழியெங்கும் தரை நனைந்து வழுக்கும். முதியவரின் இருபுறமும் ஒருவர் இருந்து கைப்பிடித்துச் செல்ல வேண்டும். இயலாதவர் தலையில் நீரைத் தெளித்துக்கொண்டாலே போதும். ஈர உடையுடன் சன்னிதிக்குள் செல்ல அனுமதி இல்லை. ஆகவே மாற்றுடை தனிப்பையில் இருக்கட்டும். கைப்பேசியையும் புகைப்படக் கருவியையும் விடுதியிலேயே விட்டுச் செல்க. விடியற்காலையில் நிகழும் படிகலிங்க தரிசனத்துக்குச் செல்ல விரும்புவோர் முன்னிரவிலேயே ஊரில் தங்கியிருக்க வேண்டும். நண்பகலுக்குப்பின் சில மணி நேரம் நடை சாத்தப்படும். ஒரே நாளில் வந்து திரும்புவோர் பெரும்பாலும் அந்நேரத்தில்தான் வாயிலில் நின்று வருந்துகின்றனர். இரண்டு நாள் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதன் காரணம் இப்போது விளங்கும்.

இரண்டாம் நாளைத் தனுஷ்கோடிக்கு ஒதுக்குங்கள். ஒருகாலத்தில் சென்னையிலிருந்து வரும் போட் மெயில் பயணிகள் தனுஷ்கோடித் துறையில் கப்பலேறித் தலைமன்னார் சென்றனர். புகைவண்டி நிலையமும் அஞ்சலகமும் தேவாலயமும் கொண்டு விளங்கிய ஊர் அது. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவையொட்டி வீசிய புயலில் கடல் பொங்கி ஊரை விழுங்கிற்று. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் வண்டி அப்படியே அலைக்குள் மறைந்தது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அரசு அவ்விடத்தை மக்கள் வாழத் தகாத இடமென அறிவித்தது. சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாட்களில் சீர்செய்து மீண்டும் வண்டி ஓடச்செய்த பணிக்குப் பொறுப்பேற்றிருந்தவர் பாலக்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்த பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் அவர்கள். நாம் வாழும் கேரள மண்ணின் மைந்தர் ஒருவர் நம் தமிழ்த் தீவை மீண்டும் கரையோடு இணைத்தார் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனை வரை 2017ஆம் ஆண்டு முதல் நல்ல சாலை உள்ளது. வழியில் உள்ள கோதண்டராமர் கோயில் அப்புயலிலும் நிலைத்து நின்றது. காலையிலேயே செல்க. மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். இரவில் தங்க இயலாது. குடிநீர், குடை, செருப்பு ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும். நிழல் தரும் மரம் அங்கு இல்லை. நண்பகல் மணல் காலைச் சுடும். ஆட்டோ வண்டியில் செல்வோர், போகவர எவ்வளவு, எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதை ஏறுமுன்பே பேசிக்கொள்க.

இதுவரை கூறியவற்றுள் எதை மறந்தாலும் இனிக் கூறுவதை மறவாதீர்கள். சாலையின் ஒருபுறம் பாக்கு நீரிணை. அமைதியாக இருக்கும் அதனை அவ்வூரார் பெண்கடல் என்பர். மறுபுறம் மன்னார் வளைகுடா. சீறிவரும் அதனை ஆண்கடல் என்பர். அரிச்சல்முனையில் இரண்டும் கலக்கின்றன. அங்கே நீரோட்டம் வலியது. காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். நெய்யாறு கடலில் கலக்கும் பூவார்ப் பொழிமுகத்தைக் கண்டவர்கள் நாம். அங்கு இறங்கத் தயங்கும் நாம் அரிச்சல்முனையில் மட்டும் ஏன் துணிய வேண்டும்? படம் எடுப்பதற்காகக் கணுக்கால் அளவு நீரில் நிற்பதும் வேண்டா. குழந்தையின் கையை விடற்க. நீராட விரும்புவோர்க்கு அக்கினி தீர்த்தக் கரை இருக்கிறது.

வாங்கக் கூடாத பொருளும் ஒன்று உண்டு. மிதக்கும் கல் என்று காட்டப்படுவது பெரும்பாலும் பவளப்பாறைத் துண்டே. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி 1986ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளத்தை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். கண்ணால் கண்டு, கையை வாளா வைத்திருப்பதே நலம். பனைவெல்லமும் பனையோலைப் பெட்டியும் வாங்கி வாருங்கள். ஏழையின் அடுப்பு எரியும்.

நேரமிருப்பின் இன்னும் இரண்டு இடங்கள் காணத்தக்கன. பாம்பனை அடுத்த குந்துகாலில், மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் கரையிறங்கினார். பாஸ்கர சேதுபதி மன்னர் அவரை வரவேற்றார். மற்றொன்று பேய்க்கரும்பில் உள்ள அப்துல் கலாம் அவர்களின் நினைவிடம். 1931இல் இத்தீவில் பிறந்து, தமிழ்வழியில் தொடக்கக் கல்வி கற்ற அம்மேதை, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் நம் விண்வெளிப் பணி தொடங்கிய காலத்திலேயே உழைத்தவர். தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் ஏவப்பட்டது. இராமேசுவரமும் திருவனந்தபுரமும் ஒரே மனிதரின் வாழ்வில் சேர்ந்து நின்றதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இறுதியாக, பேரப்பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள் என்று நான் கூறியதன் காரணத்தைச் சொல்லி அமைகிறேன். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அந்த எல்லைக்கு இப்பால் வாழும் நம் குழந்தைகள் பள்ளியில் மலையாளம் நன்கு கற்கின்றனர். அது நமக்குப் பெருமையே. ஆனால் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளுள் பலர் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் திணறுகின்றனர். பாட்டி எழுதி வைத்த கணக்கையும் கடிதத்தையும் பேத்தியால் படிக்க இயலாத வீடுகள் நம்மிடையே உள்ளன. இக்குறை வளர்ந்தால் இச்சங்கத்தின் மலரைப் படிக்கவும் நாளை ஆள் இராது.

பயணம் இதற்கு நல்ல மருந்து. களியக்காவிளையைக் கடந்ததும் ஊர்ப்பெயர்ப் பலகைகளைக் குழந்தையைப் படிக்கச் சொல்லுங்கள். தவறினால் சிரிக்காதீர்கள், திருத்துங்கள். தீர்த்தங்களின் பெயர்கள் கோயிலில் எழுதப்பட்டுள்ளன. ஒவ்வொன்றையும் பேரன் படித்துச் சொல்லட்டும், தாத்தா நீராடட்டும். 22 பெயர்களைப் படித்து முடித்த பிள்ளைக்கு அதன்பின் தமிழ் எழுத்து அந்நியமாக இராது. முதியவரின் ஆசையும் நிறைவேறும்; இளையவரின் கல்வியும் வளரும். இவ்விரண்டும் கைகூடினால் அப்பயணத்துக்குச் செலவிட்ட பணம் வீண்போகாது.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!