பூட்டிக்கொண்ட அவணும் ஒரு சின்னச் சுவிட்சும்

நேயர்களே, ரொறொன்ரோவில் குசினிச் சாமான் திருத்துகிற எங்களுக்கு ஒக்டோபர் பிறந்தால் ஒரே மாதிரியான அழைப்புகள்தான். "தம்பி, அவண் கதவு திறக்குதில்லை. நாளைக்கு ஆக்கள் வருகினம்." தாங்க்ஸ்கிவிங் விருந்துக்குக் குசினி பளபளக்க வேண்டும் என்று, வருடம் முழுக்கத் தொடாத அந்த செல்ஃப் கிளீன் பட்டனை முதல்நாள் இரவு அமத்தியிருப்பார்கள்.

அதை அமத்தினால் என்ன நடக்கும்? கேக் சுடுவதற்கு 180 பாகை செல்சியஸ் போதும். இந்தப் பட்டனோ அவணை 480 பாகை மட்டுக்கும் கொண்டுபோய், கோழி வாட்டியபோது தெறித்த கொழுப்பையெல்லாம் சாம்பலாக்கிவிடும். அந்தச் சூட்டில் யாரும் கதவைத் திறந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் மோட்டர் வைத்த பூட்டு. ஜெனரல் எலெக்ட்ரிக் 1963 இல் இந்த வகை அவணைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

கிளீன் முடிந்துவிட்டது என்று மணி அடித்தாலும் பூட்டு உடனே விடாது. உள்ளே சூடு 300 பாகைக்கும் கீழே இறங்கவேண்டும். மணித்தியாலம் ஒன்று, ஒன்றரை போகலாம். கனபேருக்கு இந்தப் பொறுமையே மருந்து. அவண் நன்றாக ஆறியும் விடவில்லையா? அடுப்பின் பிரேக்கரை ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டுப் போடுங்கோ. சில அவண்கள் கரண்ட் திரும்பியதும் பூட்டு மோட்டரை ஒருதரம் சுற்றிப் பார்த்துத் தாமாகவே திறந்துவிடும்.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். அவணின் மேற்பக்கம், தகட்டுக்குப் பின்னால், உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு மோட்டர் இருக்கிறது. அதன் தண்டில் மேடு பள்ளமான ஒரு சில்லு. சில்லு சுற்றும்போது கொக்கியை இழுக்கும். அதே சுற்றில் அதன் மேடு ஒரு சின்னச் சுவிட்சின் நாக்கை அமத்தும். அவணின் கட்டுப்பாட்டுப் போர்டுக்குக் கதவு தெரியாது, கொக்கியும் தெரியாது. பூட்டியாயிற்றா, திறந்தாயிற்றா என்று இந்தச் சுவிட்ச் சொல்வதைத்தான் அது நம்புகிறது.

அந்தச் சுவிட்சைக் கையில் எடுத்து ஆறுதலாக அமத்திப் பாருங்கோ. கொஞ்சத் தூரம் ஒன்றும் நடக்காது. பிறகு 'டிக்' என்று பாயும். நீங்கள் எவ்வளவு மெதுவாக அமத்தினாலும் அது மெதுவாகப் போகாது. உள்ளே வளைந்து நிற்கும் மெல்லிய தகட்டின் வேலை அது. இரண்டு முனைகள் மெல்ல மெல்லப் பிரிந்தால் இடையில் பொறி பறந்து கருகிப்போகும். பாய்ந்து பிரிந்தால் பொறிக்கு நேரமில்லை. 1932 இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஃப்ரீபோர்ட் என்ற ஊரில், பேட்டரிக் கம்பனி ஒன்றில் வேலை செய்த மக்கோல் என்பவர் கண்டுபிடித்தது இது. உங்கள் கணினி மவுசில் கேட்கிற 'டிக்' கூட இதே குடும்பம்தான்.

இவ்வளவு கெட்டிக்காரச் சுவிட்சையும் கிளீன் சூடு விடுவதில்லை. மூன்று, நான்கு மணித்தியாலம் வேகும்போது கிறீஸ் காய்ந்து இறுகும், நாக்கு ஒட்டிக்கொள்ளும், முனை கறுக்கும். அதனால் நான் ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் காதைத்தான் கொடுப்பேன். 'ர்ர்ர்' என்று மோட்டர் நிற்காமல் சுற்றினால் மோட்டரில் பிழையில்லை. சுவிட்ச் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். சத்தமே இல்லையென்றால் மோட்டரை, அதன் வயரை, கடைசியாகத்தான் போர்டைச் சந்தேகிக்க வேண்டும்.

ஸ்காபரோவில் ஒரு அக்கா வீட்டில், எனக்கு முதல் வந்தவர் போர்ட் போய்விட்டது என்று ஐந்நூறு டொலர் சொல்லியிருந்தார். மோட்டர் சுற்றுகிற சத்தம் வாசலுக்கே கேட்டது! பிரேக்கரை நிறுத்தி, அடுப்பை இழுத்து, பின் தகட்டைக் கழற்றினேன். சுவிட்சில் இருந்து வயரைப் பிடுங்கி மீட்டரை வைத்து நாக்கை அமத்தினால் ஓம் கிட்டத்தட்டப் பூச்சியத்துக்கு இறங்கவேண்டும். அசையவில்லை. சுவிட்சை மாற்றினேன். அக்கா அந்தப் பழைய சுவிட்சை விரலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "இதுக்கோ தம்பி ஐந்நூறு?"

வெப்ப உணரி பிழைத்தாலும் ஆறிய அவணைச் சூடென்று போர்ட் நம்பும். அதைச் சொல்ல இன்று நேரமில்லை, நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கை காட்டுகிறார். ஆனால் ஒன்று: கைபிடியைப் பிடித்து இழுக்காதேங்கோ, கத்தியால் நெம்பாதேங்கோ. இழுத்தால் கொக்கி வளையும், நெம்பினால் கண்ணாடி உடையும். பின் தகட்டுக்குள் 240 வோல்ட் வருகிறது. மீட்டர் பிடிக்கத் தெரியாதவர்கள் திறக்கவே வேண்டாம். கிளீன் போடுமுன் உள்ளே அடுக்கிய சட்டி, பிளாஸ்டிக் பெட்டி எல்லாவற்றையும் எடுங்கோ. எங்கள் வீடுகளில் அவண்தானே அலுமாரி! கிளி வளர்ப்பவர்கள் கூட்டைக் குசினியில் இருந்து தூரத்துக்குக் கொண்டுபோங்கோ, அந்தப் புகை பறவைக்கு ஆகாது.

ஆறவிட்டு, பிரேக்கரை நிறுத்திப் போட்டும் திறக்காவிட்டால் ஆளைக் கூப்பிடுங்கோ. வருகிறவர் போர்ட் என்று வாய் திறந்தால், "சுவிட்சை மீட்டரில் பார்த்தனீங்களோ?" என்று கேளுங்கோ. கிறிஸ்மஸ் வருகிறது; கிளீன் பட்டனை விருந்து முடிந்த பிறகு அமத்துவீர்கள் என்று நம்புகிறேன்.