பூசிக்கும் ஏட்டைப் பட்டியலிடுவோம்
(சுருத பஞ்சமி விழாவில் ஆற்றிய உரை)

 

உணவு, அடைக்கலம், மருந்து, சாத்திரம் எனத் தானம் நான்கு என்பர் நம் முன்னோர். முதல் மூன்றின் பயனைப் பெறுபவர் அன்றே அடைகிறார். சாத்திர தானத்தின் பயனோ கொடுத்தவர் காணாத தலைமுறைக்கும் செல்வது. தரசேனாசாரியாரிடம் கற்றதைப் புட்பதந்தரும் பூதபலியும் சட்கண்டாகமமாக ஏட்டில் ஏற்றினர். அது நிறைவுற்ற நாளையே நாம் இன்று கொண்டாடுகிறோம்.

அந்த ஆகமத்தின் பிற்கால வரலாறு நமக்கு ஒரு பாடம். பல நூற்றாண்டுகள் அது மூடபித்ரியில் ஓலைச்சுவடியாக இருந்தது. யாத்திரை சென்றோர் தரிசித்துத் திரும்பினர். கற்றோர் மிகச் சிலரே. படியெடுக்க விடுவது ஏட்டுக்கு இழைக்கும் அவமதிப்பாகுமோ என்று காவலர் தயங்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் படியெடுக்கும் பணி தொடங்கியது. ஹீராலால் ஜைன் பதிப்பித்த முதல் தொகுதி, தவலா உரையுடன், 1939இல் அச்சில் வந்தது. காத்தவர்களின் பக்தியில் குறையில்லை. ஆனால், காப்பது ஓர் அறம். காத்ததைப் பிறர் அறிந்து பயன்கொள்ளச் செய்வது மற்றோர் அறம்.

இந்த இரண்டாம் அறத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் நூலகர்கள். கணினி வந்தபோது அமெரிக்க நூலகர்கள் ஒன்றுகூடிச் செய்த ஒரு செயலை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அக்காலத்தில் நூலகத்தின் பட்டியல் என்பது சிறு அட்டைகளின் தொகுதி. ஒரே நூலுக்குப் பல நூலகங்கள் தனித்தனியே விவரம் எழுதிக்கொண்டிருந்தன. அட்டையைப் பார்த்தவுடன் இது ஆசிரியர் பெயர், இது நூற்பெயர் என மனிதருக்குத் தெரியும்; கணினிக்குத் தெரியாது. காங்கிரஸ் நூலகத்தில் பணியாற்றிய ஹென்றியெட் ஆவ்ராம் அம்மையார் இதற்கு வழி கண்டார். அவர் நூலகவியல் பயின்றவர் அல்லர். கணினி நிரல் எழுதுபவர். நூல் விவரத்தின் ஒவ்வொரு கூறுக்கும் ஓர் எண் கொடுக்கும் 'மார்க்' என்னும் முறை அவர் தலைமையில் உருவாயிற்று. ஆசிரியர் பெயருக்கு 100, நூற்பெயருக்கு 245 என்பன அவ்வெண்கள். 1966இல் 16 நூலகங்களோடு சோதனை தொடங்கியது. 1969 முதல் விவரங்கள் பிற நூலகங்களுக்கும் முறையாக அனுப்பப்பட்டன.

முறை பிறந்தால் மட்டும் போதுமா? அதைப் பலரும் ஏற்க வேண்டும், கற்க வேண்டும். அதே 1966ஆம் ஆண்டில் அமெரிக்க நூலகச் சங்கத்துக்குள் தகவல் அறிவியலுக்கும் தானியக்கத்துக்கும் எனத் தனிப்பிரிவு ஒன்று அமைந்தது. அது நூலகர்களுக்கு மார்க் பயிற்சி அரங்குகளை நடத்தியது. 1968இல் ஓர் ஆய்விதழைத் தொடங்கியது. பிரடெரிக் கில்கோர் அதன் முதல் ஆசிரியர். அவர் வழிநடத்திய ஓ.சி.எல்.சி. அமைப்பின்மூலம் 1971 முதல் ஓகையோ மாநில நூலகங்கள் ஒரே பட்டியலைக் கணினிவழிப் பகிர்ந்துகொண்டன. ஒருவர் எழுதிய விவரம் மற்றவர்க்கும் பயன்பட்டது. நூல்கள் அவ்வந்நூலகத்திலேயே இருந்தன. விவரம் மட்டுமே பொதுவாயிற்று.

அப்பிரிவு 1978இல் 'லிட்டா' என்னும் பெயர் பெற்றது. அதன் ஆய்விதழை இன்று எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். இதுவும் ஒருவகைச் சாத்திர தானமே. பின்னாளில் உறுப்பினரும் நிதியும் குறைந்தபோது, பெயரைக் காப்பதா, பணியைக் காப்பதா என்னும் கேள்வி எழுந்தது. உறுப்பினர்கள் வாக்களித்தனர். 2020இல் லிட்டா வேறு இரு பிரிவுகளோடு இணைந்து 'கோர்' என்னும் புதிய பிரிவாயிற்று. தம் அமைப்பின் பெயர்மீதுள்ள பற்றையும் விட்டுப் பணியைத் தொடர்ந்தது, அபரிக்கிரகத்தை விரதமாகக் கொண்ட நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

அன்பர்களே, இனி நம் இல்லங்களுக்கு வருவோம். பரணிலும் பெட்டியிலும் பூசையறையிலும் முன்னோர் ஏடுகளை வைத்திருக்கும் குடும்பங்கள் இந்த அவையிலேயே இருக்கக்கூடும். சுருத பஞ்சமியன்று அவற்றுக்கு மலர் இடுகிறோம். அவற்றில் என்ன நூல் உள்ளது என்று நம் பிள்ளைகள் கேட்டால், நம்மில் எத்தனை பேர் விடை சொல்வோம்? செல்லரித்து ஓர் ஏடு அழிந்தால் அது இழப்பு. இன்ன ஏடு இருந்தது என்பதையே அறியாமல் இழப்பது அதனினும் பெரிய இழப்பு.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஏடு அவரவர் இல்லத்திலேயே இருக்கட்டும். அதன் விவரம் பொதுவாகட்டும். அறக்கட்டளை ஒரே ஒரு படிவத்தை வகுக்கட்டும். நூற்பெயர், ஆசிரியர், எழுத்து, ஏடுகளின் எண்ணிக்கை, முதல் வரி, இறுதி வரி, ஏட்டின் நிலை, இருக்கும் ஊர் ஆகிய எட்டு விவரங்கள் போதும். எல்லோரும் அதே வரிசையில், அதே முறையில் எழுத வேண்டும். அந்த ஒழுங்கு இல்லையேல் எந்தக் கணினியும் நமக்கு உதவாது. பழைய எழுத்தைப் படிக்கவல்ல முதியவரும் கைப்பேசியில் படமெடுக்கவல்ல இளைஞரும் அருகருகே அமர்ந்தால் இப்பணி நடக்கும். எடுத்த படங்களுக்கு விவரம் எழுதி, மூன்று இடங்களிலாவது படிகளை வையுங்கள். விவரம் இல்லாத படம், பெயர் தெரியாத இன்னொரு கட்டுதான்.

படிக்கத் தெரிந்த முதியவர்கள் நம்மோடு இருக்கும்போதே இது நடக்க வேண்டும். அடுத்த சுருத பஞ்சமிக்கு மலரோடு அந்தப் பட்டியலையும் ஆகமத்தின் முன் வைப்போம்.