வேர்வையைப் பார்த்த கண்

முன்வரிசையில் விருந்தினருக்கென்று போட்ட நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கின்றன. பின்னால் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் பெற்றோர்கள் வந்து உட்காருங்கள். நான் காத்திருக்கிறேன்.

பிள்ளைகளே, உங்களில் பெரும்பாலோர் உசிலம்பட்டி, பேரையூர், சேடபட்டி, ஆண்டிபட்டிப் பக்கத்துக்காரர்கள் என்று இந்தப் பயிற்சி மையத்தின் முதல்வர் சொன்னார். நோயாளிப் பராமரிப்பு, லேப், டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் என்று ஆளுக்கொரு பிரிவில் பயிற்சி முடித்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலிருந்து இதற்கு முன் பெரியாஸ்பத்திரிக்குள் போனவர்கள் நோயாளியாகப் போயிருப்பார்கள், இல்லையென்றால் துணைக்கு இருக்கப் போயிருப்பார்கள். நீங்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு போகப்போகிறீர்கள்.

நான் முப்பத்து நான்கு வருடம் வார்டில் நர்ஸாக வேலை பார்த்தவள், மாணவிகளுக்குப் பாடமும் எடுத்தவள். உங்களிடம் முதலில் ஓர் இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். மார்கழி மாதம், நைட் டியூட்டி. பெண்கள் மெடிக்கல் வார்டில் நாற்பது கட்டிலுக்கு நான் ஒருத்தி. அறுபது தாண்டிய ஓர் அம்மா, சர்க்கரை நோய்க்காகச் சேர்ந்தவர், "நெஞ்சைக் கரிக்குது தாயி" என்றார். கரிக்கிறது என்றால் எரிச்சல்தானே என்று எடுத்துக்கொண்டேன். வயிற்றெரிச்சலுக்கான மருந்தை ஊற்றிக் கொடுத்துவிட்டு, கேஸ் ஷீட்டிலும் அப்படியே எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அரை மணி நேரம் இருக்கும். வார்டில் துப்புரவு வேலை பார்த்த அக்கா என் மேஜைக்கு வந்து நின்றார். "சிஸ்டர், பதினாறாம் கட்டில் அம்மா சேலை நனைஞ்சிருக்கு. தண்ணி எதுவும் கொட்டல. வேர்வை. இந்தக் குளிர்ல எதுக்கு இப்படி வேர்க்குது? எனக்கு மனசே சரியில்ல" என்றார்.

ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தேன். கை ஜில்லென்று இருந்தது. பல்ஸ் விரலுக்குச் சரியாகக் கிடைக்கவில்லை. டியூட்டி டாக்டரை எழுப்பி ஈ.சி.ஜி. எடுத்தோம். மாரடைப்பு. அந்த அம்மா பிழைத்து, பத்து நாள் கழித்து நடந்தே வீட்டுக்குப் போனார்.

சர்க்கரை நோயாளிகளுக்கு, அதிலும் பெண்களுக்கு, மாரடைப்பு வரும்போது பலமான நெஞ்சுவலி இல்லாமலும் வரலாம். வெறும் வேர்வையாக, மூச்சு முட்டலாக, நெஞ்சுக் கரிப்பாக வரலாம். இது எனக்குப் பாடத்தில் இருந்தது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் அன்றைக்கு வேர்வையைப் பார்த்த கண் அவருடையது.

அந்தக் கதையை நான் பல வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். அதன் பின்பாதியைச் சொன்னதில்லை. அந்த அக்கா ஓய்வு பெறும் நாள்வரை அதே துடைப்பத்தோடுதான் இருந்தார். பல்ஸ் எப்படிப் பார்ப்பது, மூச்சை ஒரு முழு நிமிடம் எப்படி எண்ணுவது, பி.பி. கருவியை எப்படிக் கட்டுவது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தரலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் உறுத்துகிறது. இப்படிப்பட்ட கண்ணும் மனதும் உள்ளவர்கள் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் ஒரு வருடப் படிப்பையும் ஒரு வேலையையும் கொடுக்கிற இடம்தான் இல்லாமல் இருந்தது. இந்த மையத்துக்கு வரச் சம்மதித்ததற்குக் காரணம் அந்த அக்காதான்.

உங்கள் ஊர்ப் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரிக்குப் போனதும் அதை மறைக்கப் பார்ப்பீர்கள். என் மாணவிகள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். மறைக்காதீர்கள். வருகிற நோயாளி "மேலுக்கு முடியல" என்பார். "கிறுகிறுங்குது" என்பார். "அள்ளையில பிடிச்சு இழுக்குது", "கண்ணு மசமசங்குது", "கை காலெல்லாம் காந்துது" என்பார். ஒவ்வொன்றும் ஒரு தகவல். காந்துகிறது என்றால் நெருப்புப் பட்டது போன்ற எரிச்சல். சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டவர்கள் பாதத்தைக் காட்டிச் சொல்லும் சொல் அது. கிறுகிறுப்பு என்பதை உடனே எழுதிவிடக் கூடாது. எழுந்து நிற்கும்போது வருகிறதா, படுத்தபடி புரளும்போது வருகிறதா என்று அவர் பாஷையிலேயே திருப்பிக் கேட்க வேண்டும். வெளியூரிலிருந்து வந்திருக்கும் இளம் டாக்டருக்கு இதெல்லாம் புரியாது. அது அவர் குற்றமும் இல்லை. இடையில் நிற்கிற உங்களுக்குப் புரியும். உள்ளூர்ப் பிள்ளைகளை எடுத்துப் பழக்குவது அவர்களுக்குச் செய்யும் உதவி என்று சிலர் நினைக்கிறார்கள். நோயாளிக்கு அது சிகிச்சையிலேயே ஒரு பகுதி என்று நான் சொல்வேன்.

இதை வெறும் நம்பிக்கையாகச் சொல்லவில்லை. நம் மதுரையிலேயே நடத்திக் காட்டியிருக்கிறார்கள். 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களோடு, 11 படுக்கைகளில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே ஆபரேஷன் தியேட்டரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு கண்ணை முடித்ததும் டாக்டர் மைக்ராஸ்கோப்பை அடுத்த மேஜைக்குத் திருப்புகிறார். அங்கே அடுத்த நோயாளி தயாராகப் படுத்திருக்கிறார். பார்வையைச் சோதித்தது, கண் அழுத்தம் பார்த்தது, பயந்தவரிடம் உட்கார்ந்து பேசியது, மருந்து விட்டுத் தயார் செய்தது, கருவியைக் கையில் எடுத்துக் கொடுப்பது எல்லாம் பிளஸ் டூ முடித்துவிட்டுக் கிராமங்களிலிருந்து வந்த பெண்கள். இரண்டு வருடப் பயிற்சி. சேர்க்கும்போதே தாய் தகப்பனையும் வரவழைத்துப் பேசுகிறார்கள். அந்த மருத்துவமனையின் பணியாளர்களில் பெரும்பகுதி இந்தப் பெண்கள்தான். கட்டணம் கட்ட முடியாத லட்சக்கணக்கானவர்களுக்கு அங்கே பார்வை திரும்பியதில் டாக்டர்களின் திறமையைப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். டாக்டர் தன் கைக்கு மட்டுமே உரிய வேலையில் நேரத்தைச் செலவழிக்க முடிந்ததற்கு இந்தப் பெண்கள் காரணம் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்டிலிங்கி என்று ஒரு பள்ளத்தாக்கு. 1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் அங்கே போய் ஒரு குடிசையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். வெளியூர் நர்ஸ்கள் மலைக்கு வந்து தங்க மாட்டார்கள். அதனால் அந்த ஊர்ப் பழங்குடிப் பெண்களையே பழக்கினார்கள். பிரசவம் பார்க்க, ஆபரேஷனில் கை கொடுக்க, பரிசோதனை செய்ய அந்தப் பெண்கள்தான் நின்றார்கள். வெளியூர் ஆள் இரண்டு வருடத்தில் மாறுதல் வாங்கிப் போய்விடலாம். சொந்த ஊர்ப் பெண்ணுக்கு அங்கேதான் வீடு, அங்கேதான் பிள்ளை. பழகிய கை ஊரிலேயே தங்கிவிடுகிறது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீடு வீடாகப் போய் பி.பி.யும் சர்க்கரையும் பார்ப்பவர்கள் அந்தந்தப் பகுதிப் பெண்கள்தான். தெருவில் எந்த வீட்டில் யார் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இனி உங்கள் வேலைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

உங்கள் சொந்தக்காரர்களிலேயே யாராவது, "பீ மூத்திரம் அள்ளுற வேலைக்கா படிச்ச?" என்று கேட்பார்கள். கேட்டிருப்பார்கள். நம் சமூகம் உடம்பின் கழிவைத் தொடுகிறவரை எந்த இடத்தில் வைத்தது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் பக்கவாதத்தில் விழுந்த ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் இடுப்பெலும்பு மேல் தோல் சிவக்கும், பிறகு புண்ணாகும், எலும்புவரை போகும். எத்தனை விலையுள்ள ஊசியும் அதைத் தடுக்காது. புரட்டிப் படுக்க வைக்கிற கைதான் தடுக்கும். அவரைத் துடைத்து, உலர்த்தி, முதுகைப் பார்த்து, சிவப்பு தெரிந்தால் சிஸ்டரிடம் சொல்கிறீர்களே, அது மருத்துவம். ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆண் வார்டில் உங்களுக்காகக் காத்திருக்கிற முதியவர்கள் இருக்கிறார்கள்.

ஊசி குத்திவிட்டால் மறைக்காதீர்கள். திட்டுவார்கள் என்று மறைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். பிதுக்காமல் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அந்த நிமிடமே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முதல் சில மணி நேரத்திலேயே தொடங்க வேண்டும்; 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. மஞ்சள் காமாலைக்கான ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். மூன்றும் போட்டாயிற்றா என்று இன்றே அட்டையைப் பாருங்கள்.

இன்னொன்று. நீங்கள் பதிவு பெற்ற நர்ஸ் இல்லை. ஆள் பற்றாக்குறை என்று சொல்லி உங்கள் கையில் ஊசியைக் கொடுத்து, "போடும்மா, பழகிக்கலாம்" என்பார்கள். "எனக்குப் பயிற்சி இல்லை, எனக்கு அனுமதியும் இல்லை" என்று சொல்லுங்கள். சொல்லும்போது குரல் நடுங்கும். நடுங்கினாலும் சொல்லுங்கள். தப்பு நடந்தால் அந்தக் கட்டிலில் இருப்பவரும் மாட்டிக்கொள்வார், நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள்.

வேலை கொடுக்க வந்திருக்கும் மருத்துவமனை நிர்வாகிகள் இங்கே இருக்கிறீர்கள். உங்களிடமும் பேச வேண்டும். என் மாணவி ஒருத்தி வேலைக்குச் சேர்ந்த இடத்தில் அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்தார்கள். சம்பளம் சரியில்லை என்று அவள் வேறு வேலைக்கு முயன்றபோது, அவற்றைத் திருப்பித் தர எட்டு மாதம் அலைய விட்டார்கள். தயவுசெய்து இந்தப் பிள்ளைகளின் அசல் சான்றிதழை வாங்காதீர்கள். சரிபார்த்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 21,000 ரூபாய்வரை சம்பளம் வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு, தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 3.25. பி.எஃப். பிடித்தால் அதைக் கட்டுங்கள், கட்டியதைச் சம்பளச் சீட்டில் காட்டுங்கள். "டிரெய்னி" என்ற பெயரில் ஒரு வருடத்தைப் பாதிச் சம்பளத்தில் ஓட்டாதீர்கள். இவர்கள் பயிற்சியை முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

பெண்பிள்ளைகள் ஆறு மாதத்தில் நின்றுவிடுகிறார்கள் என்று நீங்கள் குறைப்பட்டுக்கொள்வது என் காதில் விழுகிறது. ஏன் நிற்கிறார்கள் என்று அவர்களிடம் கேட்டிருக்கிறேன். வேலை கஷ்டம் என்று சொன்னவர்கள் குறைவு. இரவு எட்டு மணிக்கு டியூட்டி முடிகிறது, ஊருக்கு உடனே பஸ் இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஒன்றரை மணி நேரம் தனியாக நிற்க வேண்டியிருக்கிறது. வீட்டில் பயப்படுகிறார்கள். டியூட்டி நேரத்தைக் கடைசி பஸ்ஸுக்கு அரை மணி நேரம் முன்னால் முடியும்படி மாற்றுவதற்கு என்ன செலவாகும்? முடியாவிட்டால் பூட்டுள்ள ஓர் அறையும் இரவுச் சாப்பாடும் கொடுங்கள். பயிற்சி மையத்துக்கும் ஒரு வேண்டுகோள்: வேலைக்கு அனுப்பிய அன்றோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். முதல் மூன்று மாதம் வாரம் ஒரு போன் போடுங்கள். விழுகிறவர்கள் அப்போதுதான் விழுகிறார்கள்.

பிள்ளைகளே, இன்று வாங்கும் சான்றிதழோடு நிற்க வேண்டாம். பிளஸ் டூ இருந்தால் ஏ.என்.எம். இரண்டு வருடம், ஜி.என்.எம். மூன்று வருடம், பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். லேப், டயாலிசிஸ் போன்ற துறைகளுக்கென்று 2021-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. பதிவும் தகுதியும் இனி கேட்பார்கள். சம்பளத்தில் மாதம் ஐந்நூறு ரூபாயாவது படிப்புக்கென்று தனியாகப் போடுங்கள். கல்யாணத்துக்குச் சேர்க்கிற சீட்டோடு அதைக் கலக்க வேண்டாம் என்று அம்மாக்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது பெயர் கூப்பிடுவார்கள். மேடைக்குத் தனியாக வராதீர்கள். அம்மாவோ அப்பாவோ, உங்களைப் படிக்க வைத்த அத்தையோ, யார் வந்திருக்கிறார்களோ அவர்களையும் கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள். முதல்வரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். படிக்கட்டு கொஞ்சம் உயரம். வயதானவர்கள் ஏறும்போது முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொள்ளுங்கள், உங்களுக்குச் சொல்லித் தந்தபடி.