இழைக் கோட்பாட்டைச் சோதித்தறிய இயலுமா?

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



பொருநையாறு கடலோடு கலக்கும் இப்புன்னக்காயலில் வலையின் கண்ணைப் பற்றி நான் விளக்க வேண்டுவதில்லை. கண் பெரிதாயின் சிறுமீன் தப்பிவிடும். இயற்பியலிலும் அவ்வாறே; பொருள் எவ்வளவு நுண்ணியதோ, அதனைக் காண அவ்வளவு மிகுந்த ஆற்றல் வேண்டும்.

அணுத்துகள்கள் யாவும் அதிர்கின்ற நுண்ணிய இழைகளே என்பது இழைக் கோட்பாடு. ஈர்ப்பு விசையையும் ஏனைய விசைகளையும் ஒரே கணிதத்தில் அடக்க முயல்வது அதன் பெருமை. இத்துறையில் உழைத்த நம் நாட்டு அறிஞர் அசோக் சென் 2012-இல் அடிப்படை இயற்பியல் பரிசு பெற்றார். ஆனால் அவ்விழை, 1-க்குப் பின் ஏறத்தாழ 20 பூச்சியங்கள் இட்ட எண்ணால் புரோட்டானின் அளவை வகுத்தால் கிடைக்கும் அளவினதாகக் கருதப்படுகிறது. ஜெனீவா அருகில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் அமைந்த துகள்முடுக்கியும், வேண்டிய ஆற்றலில் கோடி கோடியில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. ஆகவே இழையை நேரே காண இன்று வழியில்லை.

மறைமுகமாகச் சோதிக்கலாகாதோ? அதற்கு நெருங்கிய முன்மாதிரி தென்னாட்டிலேயே, கோலார் தங்கவயலில் உண்டு. 1974-ஐ ஒட்டி எழுந்த, விசைகளை ஒன்றிணைக்கும் கோட்பாடுகள், புரோட்டானும் என்றேனும் சிதையும் என்றன. அதன் ஆயுள் 1-க்குப் பின் ஏறத்தாழ 30 பூச்சியங்கள் இட்ட ஆண்டுகள் என்று அன்று கணக்கிட்டனர். அத்தனை காலம் காத்திருக்க யாரால் இயலும்? ஆனால் அத்தனை புரோட்டான்களை ஒருங்கே வைத்துக் காத்திருந்தால், ஓராண்டில் ஒன்றேனும் சிதைய வேண்டுமன்றோ? இவ்வெண்ணத்துடன் 1980-இல் இந்திய, ஜப்பானிய அறிஞர்கள் தரைக்குக் கீழே 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் 140 டன் எடையுள்ள இரும்புக் கருவியை இயக்கினர். அண்டக் கதிர்களுள் மிகப்பலவற்றை மேலுள்ள பாறை தடுத்தது. சில தடயங்கள் கிடைத்ததாக அறிவித்தனர். அயல்நாடுகளின் பெரிய கருவிகள் அவற்றை உறுதிசெய்யவில்லை. ஜப்பானில் 50,000 டன் நீரைக்கொண்டு 1996 முதல் நடைபெறும் சோதனையிலும் சிதைவு தென்படவில்லை. ஒருமைக் கோட்பாடுகளுள் மிக எளியது வீழ்ந்தது.

இழைக் கோட்பாட்டின் இடர் இங்கேதான் உள்ளது. அதற்கு எண்ணிறந்த வடிவங்கள். ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று நிற்கும். எது நிகழ்ந்தால் தான் தவறு என்பதை அது இன்னும் திட்டமாகச் சொல்லவில்லை. ஆகவே அதனைப் பொய்யென்று தள்ளவும் வேண்டா. மெய்யென்று கொள்ளவும் வேண்டா. சிறந்த கணிதமென மதித்து, சான்று கேட்டுக் காத்திருப்போம்.

நிற்க. அந்தச் சுரங்கத்தைத் தோண்டியவர் யாவர்? வடார்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர். அவருள் மிகப்பலர் நம் மக்கள். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் அங்கே மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. முன்னோர் சொன்னார் என்பதற்காக ஏற்காது ஆராய்ந்து கொள்வதே புத்தர் நெறி. அறிவு பிறப்பால் அமையும் என்ற கோட்பாட்டையோ, எவரும் சோதிக்காமலே நூற்றாண்டுகளாக நம் தலைமேல் சுமத்தினர். நம் குழந்தைகள் பள்ளிக்குள் நுழைந்தபோது அது பொய்த்தது. இக்கழகத்தின் 25 ஆண்டுகளும் அச்சோதனையின் ஒரு பகுதியே.

தங்கவயல் 2001-இல் மூடப்பட்டது. பாறையைத் தோண்டியவரின் பேரர்கள் இனிக் கருவியின் முன்னே அமர வேண்டும். மாணவச் செல்வங்களே! எத்துணைப் பெரியவர் எதனைக் கூறினும், இதனைச் சோதிப்பது எங்ஙனம் என்று கேளுங்கள். நான் கூறியதையும் அவ்வாறே கேளுங்கள்.