விரல் பட்டால் ஒப்பந்தமா?

(தாம்பரத்தில் ஆற்றிய உரை)



அந்தி மயங்கும் வேளையில் நமது ஜி.எஸ்.டி. சாலையில் நின்று பாருங்கள். பல்லாவரம் முதல் பெருங்களத்தூர் வரை, முதுகிலே பெட்டி சுமந்து, பசித்தவர் வீடு தேடிப் பறக்கின்றனர் நம் வீட்டுப் பிள்ளைகள். கேட்டால், அவர்கள் தொழிலாளர் அல்லராம், 'பார்ட்னர்'களாம், கூட்டாளிகளாம்! கூட்டாளிக்குக் கணக்கைக் காட்டாத வாணிபம் எங்கேனும் உண்டா?

எப்படிக் கூட்டாளியானார்கள்? கைப்பேசித் திரையிலே பக்கம் பக்கமாக ஓடிய சட்ட வாசகத்தின் அடியில், 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானில் விரல் பட்டது. ஒப்பந்தம் பிறந்துவிட்டது!

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இல் வந்தது. தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கிய 1931-லேயே அதற்கு வயது 59. நேரிலே பேரம் பேசும் இருவரை, மிஞ்சினால் அஞ்சலிலே கடிதம் போட்டுக்கொள்ளும் இருவரை, மனத்திற்கொண்டு எழுதிய சட்டம் அது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இல் பிறந்தது. 2008-ஆம் ஆண்டுத் திருத்தம் அதிலே 10-ஏ பிரிவைச் சேர்த்து, மின்னணு வழியில் உருவானது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாது போகாது என்றது. வாணிபத்துக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால், பொத்தானுக்கு மதிப்பளித்த சட்டம், அதைத் தொட்டவனுக்குப் பேரம் பேசும் வலுவை அளித்ததா? கூலி குறைந்தால் யாரைக் கேட்பது? ஒருநாள் காலையிலே கணக்கு முடக்கப்பட்டால் எவர் கதவைத் தட்டுவது? ஆதிக்க நிலையிலிருந்து நியாயமற்ற ஆதாயம் பெற்ற ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கோர, 1872-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழி உண்டு. அன்றாடக் கூலியை விட்டுவிட்டு நீதிமன்றப் படியேற எவரால் இயலும்?

பிரிட்டன் உச்சநீதிமன்றம், 2021 பிப்ரவரி 19-இல், ஊபர் ஓட்டுநர் வழக்கிலே ஒப்பந்த வாசகத்தோடு நின்றுவிடவில்லை. கட்டணத்தை நிர்ணயிப்பவர் யார், கட்டுப்படுத்துபவர் யார் என்று பார்த்தது; ஓட்டுநர் தொழிலாளரே என்றது.

இங்கே, 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2025 நவம்பர் 21-இல்தான் நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு நலநிதிக்குத் தரவேண்டும் என்கிறது; அதுவும், தொழிலாளருக்குத் தரும் தொகையில் 5 விழுக்காட்டுக்கு மேற்படாமல். வரவேற்போம். ஆயினும், வரைவிலக்கணத்திலேயே இவர்களை 'வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே' நிறுத்திவிட்டதே! நிதி கிடைக்கும், தொழிலாளி என்ற பெயர் கிடைக்காது.

தமிழக அரசு, 2023 ஆகஸ்ட் 15-இல் இவர்களுக்குத் தனி நலவாரியம் அறிவித்தது. இன்றிரவு உங்கள் வாசலுக்கு வரும் பிள்ளையை, பதிந்துகொண்டாயா என்று கேளுங்கள். இல்லையெனில் உடனிருந்து பதிந்து கொடுங்கள். அந்தத் திரை வாசகம் முழுதும் தமிழிலே வரவேண்டும், கணக்கை முடக்குமுன் காரணத்தை எழுத்திலே தரவேண்டும் என்ற இரு கோரிக்கைகளுக்கும் அவர்களிடம் கையொப்பம் வாங்குங்கள், மையினாலே!