கல்லூரி வாயிலும் காவல் நிலையமும்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம் கல்விச் சங்கம் தோன்றியபோது நம் முன் நின்ற வினா ஒன்றே. நம் பிள்ளைகளைக் கல்லூரிக்குள் எவ்வாறு சேர்ப்பது என்பதே அது. விண்ணப்பம் நிரப்புதல், சாதிச் சான்றிதழ் பெறுதல், உதவித்தொகைக்கு அலைதல், விடுதியில் இடம் தேடுதல் ஆகியவற்றிலேயே சங்கத்தின் முதற்பத்தாண்டு கழிந்தது. இன்று வீட்டுக்கொரு பட்டதாரியை நாம் காண்கிறோம். ஆயின் உள்ளே சென்ற பிள்ளை அங்கே அச்சமின்றிப் பயில்கிறதா, அடிபட்டால் அதற்காகக் கேட்பவர் யார் என்னும் இரண்டாவது வினா இன்று எழுந்து நிற்கிறது. விழா நாளில் இனியவையே பேசுதல் மரபு. எனினும் பெற்றோரும் மாணவரும் ஒருங்கே அமர்ந்திருக்கும் இவ்வரங்கைவிட இதனைப் பேசத் தக்க இடம் வேறில்லை என்பதால் இதனையே எடுத்துக்கொண்டோம்.

இரட்டைமலை சீனிவாசனார் கோவையில் பயின்ற நாளில், தம் சாதி வெளிப்பட்டுவிடுமோ என்னும் அச்சத்தால் உடன் பயின்றோருடன் நெருங்கிப் பழகாது ஒதுங்கியே இருந்தார். இதனைத் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் அவரே எழுதியுள்ளார். அன்று மௌனமே பாதுகாப்பாக இருந்தது. சொல்வதற்கு ஓர் இடமும் இல்லை. சொன்னால் கேட்பதற்குச் சட்டமும் இல்லை. இன்று இடமும் உண்டு, சட்டமும் உண்டு. இருந்தும் அதே மௌனம் நம் பிள்ளைகளிடம் தொடர்வது ஏன்?

காரணம் நாம் அறிந்ததே. விடுதியில் ஒரு மாணவன் தாக்கப்படுகிறான். செய்தி துறைத்தலைவரிடம் போகிறது; அவர் முதல்வரிடம் அனுப்புகிறார். அங்கே ஒரு விசாரணைக் குழு அமைகிறது. ஊரிலிருந்து தந்தையை வரவழைக்கின்றனர். ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்து ஏறி வந்து கைகட்டி நிற்கும் அவரிடம், “வழக்கென்று போனால் பையன் படிப்புக் கெட்டுவிடும்” என்கின்றனர். அடித்தவனிடமும் அடிபட்டவனிடமும் ஒரே வகையான மன்னிப்புக் கடிதம் பெறப்படுகிறது. கல்லூரியின் பெயர் காப்பாற்றப்பட்டது. அடித்தவனின் எதிர்காலமும் காப்பாற்றப்பட்டது. அடிபட்டவன் மட்டும் அடுத்த மாதம் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்புகிறான். இதற்குச் சமரசம் என்று பெயர்!

இங்கே நாம் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர வேண்டும். வகுப்புக்குத் தாமதமாக வருதல், தேர்வில் பார்த்து எழுதுதல், விடுதி விதியை மீறுதல் ஆகியன ஒழுங்கீனங்கள். அவற்றை விசாரித்துத் திருத்தக் கல்லூரிக்கு உரிமை உண்டு. குருதி சிந்தத் தாக்குதல், ஆயுதம் காட்டி மிரட்டுதல், பாலியல் வன்முறை, பிறர் முன்னிலையில் சாதி சொல்லி இழிவுபடுத்துதல் ஆகியன குற்றங்கள். அவற்றைப் புலனாய்வது காவல் துறையின் கடமை. தீர்ப்பது நீதிமன்றத்தின் கடமை. கல்லூரிக்கு உள்ள கடமை உடனே தெரிவிப்பதும், சான்றுகளைக் காப்பதும், பாதிக்கப்பட்டவர்க்குத் துணை நிற்பதுமே. விசாரணைக் குழு அமைப்பது தவறன்று. குழு இருக்கிறதென்று காவல் நிலையத்துக்குத் தெரிவிக்காதிருப்பதே தவறு.

இது நம் விருப்பம் மட்டுமன்று. சட்டமும் இதனையே கூறுகிறது. 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ முதலாண்டு மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொடூரமாகக் கொல்லப்பட்டார். நாட்டையே உலுக்கிய அந்நிகழ்ச்சியின் விளைவாகத் தமிழ்நாடு 1997-இல் ராகிங் தடைச் சட்டத்தை இயற்றியது. ராகிங் செய்தவர்க்கு இரண்டாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. முறையீடு வந்த பின்னும் உடனே விசாரித்து நடவடிக்கை எடுக்கத் தவறும் நிறுவனத் தலைவரை, அக்குற்றத்துக்கு உடந்தையானவராகவே கருத வேண்டுமென்று அச்சட்டம் சொல்வதை நம்மில் பலர் அறியோம்.

பின்னர் 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகளை வெளியிட்டது. ராகிங் பற்றித் தகவல் கிடைத்ததும், அது தண்டனைச் சட்டத்தின்கீழ் வரும் குற்றமாயின், கல்லூரித் தலைவர் தாமோ தம்மால் அதிகாரம் அளிக்கப்பட்டவர் வாயிலாகவோ 24 மணி நேரத்துக்குள் காவல் துறையில் முதல் தகவல் அறிக்கைக்கு வழி செய்ய வேண்டும். கல்லூரியின் உள்விசாரணையும் ஏழு நாள்களுக்குள் முடிய வேண்டும். சாதியின் பெயரால் உடலையோ உள்ளத்தையோ துன்புறுத்துவதும் ராகிங்கே என 2016-இல் செய்த திருத்தம் தெளிவாக்கியது. முறையிடும் சுமையை ஏழை மாணவனின் தோளில் வைக்காமல் நிறுவனத்தின் தோளில் வைத்ததே இவ்விதிமுறையின் சிறப்பு. தனியொருவனாகக் காவல் நிலையப் படியேறும் முதல் தலைமுறை மாணவனின் சொல்லுக்கும், கல்லூரி முத்திரையிட்டுச் செல்லும் கடிதத்துக்கும் கிடைக்கும் மதிப்பு ஒன்றாகுமா?

இன்னொன்றும் கருதத்தக்கது. முதலாண்டு மாணவர் பலர்க்குப் பதினெட்டு வயது நிறைந்திராது. அத்தகையோர்மீது பாலியல் குற்றம் நிகழ்ந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பொருந்தும். அக்குற்றத்தை அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும், மறைப்பது தண்டனைக்குரியது. பள்ளித் தலைமையாசிரியரைப் போலவே கல்லூரி முதல்வரையும் இது கட்டுப்படுத்தும்.

காலம் தாழ்த்தினாலும், முறையீட்டைக் கசிய விட்டாலும் என்ன நேரும் என்பதற்கு 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நிகழ்ந்ததே சான்று. அது கல்லூரியன்று, பள்ளி. எனினும் பாடம் ஒன்றே. உடன் பயின்றோர் தந்த தொல்லையைப் பள்ளியில் முறையிட்ட நம் சமூக மாணவன், வீட்டுக்குள் புகுந்தோரால் அரிவாளால் வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். அதன்பின் அரசு நீதியரசர் சந்துரு அவர்களின் தலைமையில் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. முறையிட்டவனுக்குப் பாதுகாப்பு சென்று சேருமுன் முறையிட்ட செய்தி எதிரிக்குச் சென்று சேருமாயின், அம்முறையீடே ஆபத்தாகிவிடும். ஆதலால் முறையீடு பெற்ற நிறுவனம் முதலில் செய்யத்தக்கது எதிர்த்தரப்பை அழைத்துக் கண்டிப்பதன்று. காவல் துறைக்குத் தெரிவித்து முறையிட்டவனைக் காப்பதே.

இனி, நமக்கே கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2008 நவம்பர் 12-ஆம் நாள் சென்னை டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியில், சாதியின் பெயரால் பிளவுண்ட மாணவர் தம்முள் மோதினர். வீழ்ந்து கிடந்தவர்களைத் தடிகொண்டு அடித்த காட்சியைத் தொலைக்காட்சியில் நாடே கண்டது. காவலர்களோ வாயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தனர். முதல்வர் அழைக்காமல் உள்ளே நுழைய இயலாது என்பதே அவர்கள் தரப்பில் சொல்லப்பட்ட காரணம். முதல்வர்மீதும் காவல் அதிகாரிகள் சிலர்மீதும் நடவடிக்கை பாய்ந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி பி. சண்முகம் தலைமையில் விசாரணை ஆணையமும் அமைந்தது. கண்ணெதிரே கொடுங்குற்றம் நிகழும்போது உள்ளே செல்லக் கல்லூரி முதல்வரின் இசைவு வேண்டும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. அது வெறும் வழக்கம். ஒருவர் அழைக்காமலும் மற்றவர் நுழையாமலும் கழிந்த நேரத்தில் மனித உடல்கள் சிதைந்தன.

அவ்வழக்கில் குற்றம் சாட்டப்பட்டோருள் நம் இளைஞர்களும் இருந்தனர். அண்ணலின் பெயரைச் சுவரொட்டியில் விட்டுவிட்டார்கள் என்னும் புண்பட்ட உணர்வு அம்மோதலுக்குப் பின்னணியாய் இருந்தது. புண்பட்டது நியாயமே, தடியெடுத்தது நியாயமன்று. அரசியல் சட்டத்தை வரைந்தவரின் பெயருக்காகச் சட்டத்தை மீறுவது அவருக்குச் செய்யும் சிறப்பாகாது. அடிபட்டவன் எச்சாதியினன் ஆயினும் குற்றம் காவல் நிலையத்துக்குப் போகவேண்டும் என்று சொல்லும் துணிவு நமக்கு இருந்தால்தான், நம் பிள்ளை அடிபடும்போது அதே நீதியைக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கும்.

முறையாக எழுதப்பட்ட புகார் குற்றமற்றவனுக்கும் கவசமாகும். நேரம், இடம், செய்தவர் பெயர், கண்டவர் பெயர் ஆகியன முதல் நாளிலேயே எழுத்தில் இருந்தால், பின்னர் விடுதி அறைகளிலிருந்து கண்டவரையெல்லாம் அள்ளிச் செல்ல இயலாது. எழுத்து இல்லாத இடத்தில்தான் வதந்தி ஆளும்.

புகார் எவ்வாறு அமையவேண்டும்? இளைஞர்கள் இதனைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் காயம்பட்டவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே மருத்துவரிடம் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் பதியச் செய்யுங்கள். வழுக்கி விழுந்ததாகச் சொல்லுமாறு எவர் அறிவுறுத்தினாலும் இணங்க வேண்டா. இரண்டாவதாக, நிகழ்ந்த இடத்தையும் உடையையும் கழுவிவிடாது வைத்திருங்கள். கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் சில நாள்களில் தாமாகவே அழிந்துபோகும். ஆதலால் அவற்றைப் பாதுகாக்குமாறு அன்றே முதல்வருக்கு எழுதிக் கொடுங்கள். மூன்றாவதாக, புகாரில் நாள், நேரம், இடம், ஆயுதம், சாட்சிகள் ஆகியவற்றை எழுதுங்கள். சாதி சொல்லி இழித்திருந்தால் அச்சொல்லை அப்படியே எழுதுங்கள். “தகாத சொல்லால் திட்டினார்” என்று நாகரிகம் பாராட்டினால் வழக்கு வலுவிழக்கும். நான்காவதாக, முதல்வரிடம் கொடுக்கும் கடிதத்தின் நகலில் நாளிட்ட கையொப்பம் பெறுங்கள்.

காவல் நிலையத்தில் மனு ரசீது மட்டும் கொடுத்து அனுப்புவதுண்டு. அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. கடுங்குற்றம் வெளிப்படும் புகாரைப் பதிந்தே ஆகவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். எல்லையைக் காட்டித் திருப்பியனுப்ப இயலாது. மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியிலும் அனுப்பி, மூன்று நாள்களுக்குள் கையொப்பமிடலாம். அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது உரிமை. மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள்; அதற்கும் பயனில்லையேல் நீதித்துறை நடுவரை அணுகுங்கள்.

1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்துமிடத்தில், பதிவு செய்வதற்குமுன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று 2018-இல் திருத்தம் வந்தது. துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே புலனாய்வு செய்யவேண்டும். கடமையில் வேண்டுமென்றே தவறும் அரசு ஊழியர்க்கும் அச்சட்டத்தில் தண்டனை உண்டு. வன்கொடுமை குறித்த தேசிய உதவி எண் 14566. ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522.

நம் பெண்மக்கள் பற்றித் தனியே ஒரு சொல். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் வன்கொடுமைக்கு ஆளான மாணவி துணிந்து புகார் அளித்தார். அவரை இனங்காட்டும் விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் பெண் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்ததோடு, மாணவிக்கு 25 இலட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடும் வழங்க ஆணையிட்டது. 2025-இல் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. புகார் அளித்தால் நீதி கிடைக்கும் என்பது இதில் ஒரு பாடம். புகார் அளித்தவரின் பெயரைக் காப்பது புகாரைப் பெறுவதற்கு இணையான கடமை என்பது மற்றொன்று. பதினெட்டு நிறைந்த பெண் காவல் துறையை அணுக விரும்பினால் அதற்கு உதவுவது நிறுவனத்தின் கடமை என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அவளை ஊராரும் உறவினரும் சூழ்ந்துகொண்டு வாயடைக்கச் செய்யும் வழக்கத்தை நம் சமூகமும் கைவிட வேண்டும்.

கல்லூரியின் நற்பெயர் கெடுமே என்பார் சிலர். அமெரிக்காவில் 1986-இல் ஜீன் கிளெரி என்னும் மாணவி தம் பல்கலைக்கழக விடுதி அறையிலேயே கொலையுண்டார். பெற்றோர் நடத்திய இயக்கத்தால் 1990-இல் அந்நாட்டில் ஒரு சட்டம் பிறந்தது. அதன்படி, அரசின் நிதியுதவி பெறும் ஒவ்வொரு கல்லூரியும் தன் வளாகத்துக் குற்றக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அதனால் அங்கே கல்லூரிகள் அழிந்துவிடவில்லை. பெற்றோர் உண்மையறிந்து பிள்ளையை அனுப்பும் நிலையே உண்டாயிற்று. இங்கும் அவ்வாறு கணக்கு வெளியிட வேண்டுமென்று நாம் கோரலாம்.

இறுதியாக, இவ்வெள்ளி விழாவில் நம் சங்கம் மூன்று செயல்களை மேற்கொள்ளுமாறு வேண்டுகிறோம். ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கை முடிந்ததும் முதலாண்டு மாணவர்க்குப் புகார் எழுதும் பயிற்சி அளிக்க வேண்டும். புகார் கொடுக்கச் செல்லும் மாணவனுடன் சங்கத்திலிருந்து இருவரேனும், இயன்றால் வழக்கறிஞர் ஒருவரும் உடன் செல்ல வேண்டும். தந்தை தனியே முதல்வர் அறைக்குச் சென்று வெற்றுத்தாளில் கையொப்பமிடும் நிலை இனி எவ்வூரிலும் நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கல்லூரியில் இடம் பெற்றுத் தந்தது நம் முதல் இருபத்தைந்தாண்டுப் பணி. அவ்விடத்தில் நம் பிள்ளைகள் தலைநிமிர்ந்து அமர வழி செய்வது அடுத்த இருபத்தைந்தாண்டுப் பணியாகட்டும்.